கொழுப்பு வண்டிகளுக்கு அனுமதி இல்லை

2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த ஊமத்தங்கொல்லைக்குக் கீழே ஓடைவழியில் ஒரு மிதிவண்டி நிறுத்தப்பட்டது. அதன் டயரில் நான்கு அங்குலம் என்று அச்சிடப்பட்டிருந்தது.

வண்டியை ஓட்டிவந்தவர் சிங்காரம், வயது நாற்பத்தைந்து. பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தவள் அவர் மகள் பூஜா. பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் சந்தை ஜீப் கவிழ்ந்ததில் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டுக்குள் கம்பு ஊன்றி நடப்பாள். ஏழு கிலோமீட்டர் நடக்க முடியாது. பள்ளி ஏழு கிலோமீட்டரில் இருந்தது.

ஓடைவழி முழுக்க மணல். சாதாரண சைக்கிள் அதில் இறங்கினால் சக்கரம் பாதி புதைந்துவிடும். சிங்காரத்தின் வண்டி புதையாது. வாணியம்பாடியில் அவர் முன்பு வேலை செய்த தோல் தொழிற்சாலையின் மேஸ்திரி கலீல் பாய் கொடுத்தது அது. கலீலின் மகன் அர்பாஸ் ஆசைப்பட்டு வாங்கி, நாலு நாள் ஓட்டி, துபாய்க்குப் போய்விட்டான். வீட்டு வாசலில் எருமைக்கன்று போல நின்ற வண்டிக்கு, பூஜா மறுபடி பள்ளிக்குப் போக வழியில்லை என்று கேட்டதும் கலீல் ஒரு கேரியர் வெல்டு வைத்து மலைக்கு அனுப்பினார். பத்து மாதமாக அப்பனும் மகளும் அதில்தான் போய்வந்தார்கள். போக ஐம்பது நிமிடம். திரும்பும்போது பூஜாவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினால் இரண்டு மணி நேரம்.

வண்டியை நிறுத்தியவர்கள் பச்சைச் சட்டை போட்ட இரண்டு தடக் காவலர்கள். ஜவ்வாது மலை மலைமிதிவண்டியோர் பேரவையைச் சேர்ந்தவர்கள். ஓடைவழியைப் பராமரிக்கும் பொறுப்பை மூன்று வருடத்துக்குப் பேரவை பெற்றிருந்தது. எந்த அலுவலகத்திடமிருந்து பெற்றது என்ற விவரம் பலகையில் பெயின்ட் வழிந்த இடத்தில் இருந்தது. ஓடைவழிக்குப் பேரவை வைத்த பெயர் கருஞ்சிறுத்தைத் தடம். ஊரில் யாரும் அங்கே கருஞ்சிறுத்தையைப் பார்த்ததில்லை.

போர்டு படிக்கவில்லையா என்று காவலர் கேட்டார். சிங்காரம் திரும்பிப் பார்த்தார். டிசம்பரிலிருந்து தினமும் பார்க்கிற போர்டுதான். "கொழுப்பு வண்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது.

"படிச்சேங்களே," என்றார் சிங்காரம். "நல்ல காரியம்தான் பண்ணிக்கீறீங்க. அந்த வண்டி ஒருவாட்டி வந்தாப் போதும், ஓடைத் தண்ணியே நாறிப்பூடும்."

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிண்டல் என்று குறித்துக்கொண்டார்கள்.

அது கிண்டல் இல்லை. சிங்காரம் தோல் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சீவல் பிரிவில் இருந்தவர். தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சீவி எடுப்பதுதான் அங்கே வேலை. சீவிய கொழுப்பு கழிவுத் தொட்டியில் சேரும், சாயங்காலம் ஒரு டிராக்டர் வந்து அள்ளிப்போகும். அதற்குப் பெயர் கொழுப்பு வண்டி. அது போகும் தெருவில் அரை மணி நேரத்துக்கு யாரும் டீ குடிக்க மாட்டார்கள். அந்த வண்டியை மலைக்கு வராமல் தடுக்க யாரோ நல்லவர்கள் முன்னேற்பாடாகப் போர்டு வைத்திருப்பதாக நினைத்து, ஒரு மாதமாக அவர் அந்தப் பலகையை மரியாதையோடு கடந்துகொண்டிருந்தார்.

பேரவையின் விதிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. உள்ளூர் மக்களுக்காகத் தமிழில் ஒரு படி வேண்டும் என்று வந்தபோது செயலாளர் வடிவேலு அந்தப் பொறுப்பை ஏற்று, ஒரே மாலையில் கைபேசியை வைத்து முடித்தார். கலசப்பாக்கத்தில் சிமென்ட் ஏஜென்சி நடத்துபவர். முழங்கால் வலியால் சைக்கிள் ஓட்டுவதில்லை. ஆகவே விதிகளைப் படிக்க நேரம் இருந்தது. தடிமனான சக்கரம் வைத்த சைக்கிளை ஆங்கிலத்தில் 'ஃபேட் பைக்' என்பார்கள். ஃபேட் என்றால் கொழுப்பு என்று கைபேசி சொன்னது. வடிவேலுவுக்கும் அதில் மறுப்பில்லை.

வண்டி பேரவையின் கொட்டகைக்குப் போனது. பூஜா கம்பை ஊன்றி மணலில் நின்றாள். சிங்காரம் அவளை முதுகில் சுமந்து ஊருக்குத் திரும்பினார்.

பதினைந்து நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரும்படி நோட்டீஸ் வந்தது. சிங்காரம் பேனாவை அழுத்திப் பிடித்து அவரே எழுதினார்: "ஐயா, என் வண்டியில் கொழுப்பு ஏற்றியது கிடையாது. மகளை மட்டும்தான் ஏற்றுகிறேன். செயினுக்குக்கூடத் தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். வேண்டுமானால் முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம்." இந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது. ஓரத்தில் வடிவேலுவின் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது: "மனுதாரருக்கே கொழுப்பு இருப்பதாகத் தெரிகிறது."

மார்ச் 3ஆம் தேதி பொதுத்தேர்வு. முதல் தாள் தமிழ். அரையாண்டில் பூஜா தமிழில் தொண்ணூற்றாறு. ஊமத்தங்கொல்லையில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பெண் இதுவரை இல்லை. முயன்றவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒரு வருடம் தவறியதும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார்கள். பூஜா ஏற்கனவே ஒரு வருடத்தை ஆஸ்பத்திரியில் விட்டவள். அவளால் காப்பித் தோட்டத்துக்கும் போக முடியாது. இதைச் சிங்காரம் யாரிடமும் சொன்னதில்லை. எந்நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் செவ்வாயும் வெள்ளியும் சந்தை ஜீப் உண்டு. அந்த இரண்டு நாளும் பூஜா பள்ளிக்குப் போனாள். மற்ற நாளில் வீட்டில் இருந்து படித்தாள்.

*

பேரவையின் கூட்டம் பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, தலைவர் ரங்கசாமியின் விடுதியில் நடந்தது. சிங்காரத்தை வரச்சொல்லியிருந்தார்கள். அவர் வண்டி பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும் என்று நம்பி, காற்றடிக்கிற பம்பையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, அவர் வண்டியைப் பற்றி மூன்று வருடமாகச் சண்டை நடக்கிறது என்று. அவரிடம் அந்த வண்டி பத்து மாதமாகத்தான் இருந்தது.

பேரவையில் சென்னை, பெங்களூரு, வேலூரிலிருந்து வரும் அறுபது பேர் உறுப்பினர்கள். மூன்று அணி. ரங்கசாமி மெல்லிய சக்கர அணி. பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். தடிச்சக்கர வண்டி மலைமிதிவண்டியே அல்ல, பெடல் வைத்த டிராக்டர் என்பது அவர் கட்சி. அது தடத்தை உழுதுவிடும், அதில் ஓட்டுபவனுக்குத் திறமை தேவையில்லை, அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் கிடையாது, அழகும் கிடையாது. துணைத்தலைவர் கீதாஞ்சலி தடிச்சக்கர அணி. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். அகலமான சக்கரம் எடையைப் பரப்பிவிடும், மண்ணில் தடமே பதியாது, உண்மையில் மெல்லிய சக்கரம்தான் மலையைக் கத்தியால் கீறுகிறது என்பது அவர் கட்சி. மூன்றாவது அணியிடம் மூன்று அங்குலச் சக்கரம் இருந்தது. மற்ற இரண்டு பேரும் சொல்வதில் பாதி சரி, ஆகவே இரண்டு பேருமே தவறு என்பது அவர்கள் கட்சி. மூன்று அணிக்கும் தனித்தனி வாட்சப் குழு, தனித்தனி ஃபிளாஸ்க். டீ ஒரே கடையிலிருந்து வந்தது.

விதிப்படி மூன்று புள்ளி எட்டு அங்குலமும் அதற்கு மேலும் இருந்தால் கொழுப்பு. டயரில் நான்கு என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் அச்சிட்ட அகலம் வேறு, அளந்த அகலம் வேறு என்று ஒருவர் எழுந்தார். காற்று நிரம்பியபோது அளப்பதா, ஆள் உட்கார்ந்தபோது அளப்பதா என்று இன்னொருவர் எழுந்தார். ஆள் என்றால் எத்தனை ஆள் என்று மூன்றாமவர் கேட்டார். மதியச் சாப்பாடு வரை இது போனது.

சிங்காரத்துக்குத் துணையாக வாணியம்பாடியிலிருந்து கலீல் பாய் வந்திருந்தார். தொழிற்சாலை மெக்கானிக்கிடமிருந்து ஒரு வெர்னியர் அளவுகோலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"சண்டை இன்னாத்துக்குங்க? அளந்துட்டாப் போச்சு," என்று அவர் கொட்டகைக்குப் போய் அளந்தார். தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர். அங்குலத்தில் மூன்று புள்ளி ஏழு நான்கு. விதிப்படி வண்டியில் கொழுப்பே இல்லை.

சிங்காரம் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலில் மறுத்தவர் ரங்கசாமி. இந்த அளவை ஏற்றால் இன்று ஒரு வண்டி தப்பும், நாளை அறுபது வண்டி தப்பும் என்றார். இரண்டாவதாக மறுத்தவர் கீதாஞ்சலி. தடிச்சக்கர வண்டி மலைமக்களுக்கு உதவுகிறது என்பதற்கு இந்த மலையில் உள்ள ஒரே சான்று இது, இது தடிச்சக்கர வண்டியே இல்லை என்று சொல்வது தன் அணிக்கு எதிரான சதி என்றார். பேரவையின் வரலாற்றில் இருவரும் ஒரே பக்கம் வாக்களித்தது அதுவே முதல் முறை. மூன்றாவது அணி நடுநிலை வகித்தது. அளவுகோல் தோல் தொழிற்சாலைக்குச் சொந்தமானது, பேரவையால் சான்றளிக்கப்படாதது என்று தீர்மானம் எழுதப்பட்டது. பெங்களூரிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல் வரும்வரை வண்டி கொட்டகையிலேயே இருக்கும்.

வெளியே வந்ததும் கலீல் அளவுகோலைத் துணியில் சுற்றினார். "முப்பது வருஷமா இத்த வெச்சு அளந்த தோலு இத்தாலிக்குப் போவுது சிங்காரம்," என்றார். "இத்தாலிக்காரன் ஒருவாட்டி கூடத் திருப்பி அனுப்பல."

*

இதற்குள் பூஜா விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நோட்டீஸின் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது.

"ப்பா, இது சீவுற கொழுப்பு இல்ல. ஃபேட்னா குண்டுன்னும் அர்த்தம் கீது. அவுங்க நம்ம சக்கரத்தச் சொல்றாங்க."

"குண்டுன்னு எழுத வேண்டியதுதானே?"

"அவுங்களுக்குத் தெரியல."

"அவ்ளோ பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கா?"

பூஜா பேனாவை எடுத்தாள். பேரவைக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'கொழுப்பு' என்ற சொல் பொருந்தாது, 'தடிச்சக்கர வண்டி' என்று இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும், என் அப்பா தெரியாமல் செய்தது, மார்ச் 3ஆம் தேதி தேர்வு, தயவுசெய்து வண்டியைத் தாருங்கள் என்று நாலே வரி.

கடிதத்தின் முதல் பாதி பேரவையில் பெரும் வரவேற்பைப் பெற்றது. வடிவேலு தலைமையில் கலைச்சொல் துணைக்குழு அமைக்கப்பட்டது. தடி என்றால் கம்பு என்றும் பொருள் வரும், மிதிவண்டியோர் தடியோடு திரிபவர்கள் என்ற எண்ணம் ஏற்படும் என்று துணைக்குழு கருதியது. குண்டு வண்டி என்று போர்டு வைத்தால் போலீஸ் வரும். ஊதிய சக்கரம் என்று ஒருவர் முன்வைத்தார், அது சம்பளச் சக்கரம் என்று படிக்கப்படும் என்பதால் நிராகரிக்கப்பட்டது. துணைக்குழு நான்கு முறை கூடியது. கடிதத்தின் இரண்டாம் பாதி துணைக்குழுவின் வரம்பில் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்கிழமை, செய்முறைத் தேர்வு. ஜீப் இல்லாத நாள். சிங்காரமும் அவர் மைத்துனர் வீரனும் மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் பூஜாவை உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். மலையில் நோயாளிகளை அப்படித்தான் இறக்குவது. ஓடைவழியில் பேரவை போட்டிருந்த கதவருகே காவலர் நிறுத்தினார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தடத்தில் சக்கரமுள்ள ஊர்திகளைப் பற்றிப் பதினோரு பக்கம் இருந்தது. சக்கரமில்லாத ஊர்தியைப் பற்றி ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததால் அனுமதியும் இல்லை என்றார். வீரன் கழியைக் கீழே வைக்காமலே அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அன்று ஒருநாள் மட்டும் விட்டார்கள். மறுநாள் பேரவையிலிருந்து கடிதம் வந்தது: தூளி, 'சக்கரமில்லா ஊர்தி' என்ற புதிய வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இனி முன் அனுமதி பெற வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் கீதாஞ்சலி ஊமத்தங்கொல்லைக்கே வந்தார். வாழைப்பழச் சீப்பு ஒன்றும் கேமராக்காரர் ஒருவரும் கூட வந்தார்கள். கம்பை ஊன்றிய பூஜாவை மணலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அது பிறகு 'கொழுப்பும் மலையின் உரிமையே' என்ற வாசகத்தோடு சுவரொட்டியாக வந்தது. சிங்காரத்தின் மனைவி முத்தம்மா சாமைச் சோறு போட்டாள். கீதாஞ்சலி நன்றாகச் சாப்பிட்டார். பூஜாவின் எடை எவ்வளவு என்று கேட்டார். முப்பத்தெட்டு கிலோ என்று முத்தம்மா சொன்னாள். ஏன் கேட்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ உதவி வரும்போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

வண்டியைப் பற்றிச் சிங்காரம் கேட்டார்.

"நாங்க முழுக்க உங்க பக்கம்தாங்க," என்றார் கீதாஞ்சலி. "ஆனா ஒண்ணு யோசிங்க. வண்டியை இப்போ உங்ககிட்ட குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சிடும். பிரச்சினை முடிஞ்சிட்டா நாங்க எதை வச்சுப் போராடறது?"

சிங்காரம் யோசித்தார். யோசிக்கச் சொன்னதால் யோசித்தார். கீதாஞ்சலி போன பிறகு, "நம்ம பக்கம்தான்னு சொன்னாங்களே, அது எந்தப் பக்கம்?" என்று முத்தம்மாவிடம் கேட்டார்.

*

பிப்ரவரி 23, அடுத்த கூட்டம். சிங்காரம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேச அனுமதி கிடைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"வண்டி வேணாங்க. நீங்களே வெச்சுக்கோங்க. மூணாந்தேதி ஒரு நாளு, எம் பொண்ணத் தூளியில தூக்கினு போவ வுடுங்க. பத்து மணிக்குப் பரிச்சைங்க. அவ்ளோதான் நான் கேக்கறது."

உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் ரங்கசாமி பதிலுரை ஆற்றினார். அது கூட்டக் குறிப்பில் முழுமையாக இருக்கிறது. "இந்தப் பெண்ணின் மேல் எனக்கு மிகுந்த இரக்கம் உண்டு. இரக்கத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் அல்ல. ஆனால் இரக்கத்துக்கு அங்குலக் கணக்கு கிடையாது, சக்கரத்துக்கு உண்டு. நான் நாற்பது வருடம் பாலம் கட்டியவன். பாலத்தின் மேல் யார் போகிறார்கள் என்று பார்த்தால் பாலம் கட்ட முடியாது. இந்தத் தடம் யாருக்காக என்று கேட்கிறார்கள். தடம் தடத்துக்காக. அதில் யாரும் போகாத நாளில்தான் அது மிகச் சிறப்பாக இருக்கிறது."

கைதட்டல் இருந்தது. மூன்று அணியும் தட்டியதாகக் குறிப்பு சொல்கிறது.

பிறகு அனுமதி வழங்கத் தீர்மானமானது. மார்ச் 3 அன்று காலை ஏழு மணி முதல் தடத்தில் ஒப்பீட்டுச் சவாரி நடப்பதாக இருந்தது. மெல்லிய சக்கரமும் தடித்த சக்கரமும் அடுத்தடுத்து இறங்கி, எது மண்ணை அதிகம் கெடுக்கிறது என்று ஒருவழியாகத் தீர்த்துவிடப் போகிறார்கள். சனி ஞாயிறில் விடுதிகள் நிறைந்திருக்கும் என்பதால் திங்கட்கிழமை. சவாரியையும் தூளியையும் கருத்தில் கொண்டு ஆங்கிலத்தில் அனுமதிக் கடிதம் தயாரானது. நடைமுறைப்படி ஆங்கில மூலம் கோப்பில் இருக்கும். தமிழ்ப்படி மனுதாரருக்கு. வடிவேலு அங்கேயே உட்கார்ந்து தமிழாக்கி, சீல் குத்தி, சிங்காரத்தின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

"சக்கரமில்லா ஊர்தி ஒன்று 3.3.2025 அன்று காலை 9 மணிக்கு முன் தடத்தில் செல்ல அனுமதிக்கப்படுகிறது."

சிங்காரம் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. பூஜா சந்தை ஜீப்பில் பள்ளிக்கு வந்தாள். கூட சிங்காரமும் வந்தார். பூஜாவின் தமிழாசிரியை சலீமா பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தவர். பூஜா திங்கட்கிழமை வரை தன்னோடு தங்கட்டும், எதற்கு அந்த வழியில் இந்த அலைச்சல் என்று அவர் சொன்னார்.

சிங்காரத்துக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று நாள் ஒரு டீச்சர் வீட்டில் பிள்ளையை விடுவதா என்று நினைத்தார். தவிரவும் அவரிடம் கடிதம் இருந்தது.

"லெட்டர் குடுத்துட்டாங்க டீச்சர்," என்றார். "சீல் போட்டு."

*

மார்ச் 3, திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே முத்தம்மா கேழ்வரகுக் களி கிண்டினாள். பூஜா தலைக்குக் குளித்து, ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாவையும் மடியில் வைத்துத் தூளியில் உட்கார்ந்தாள். முத்தம்மாவும் கூட வர, ஏழு பத்துக்குப் பேரவைக் கதவுக்கு வந்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். தூளியோடு மணலில் இரண்டு மணி நேரம். ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வீரன் கணக்குச் சொன்னார்.

கதவில் கொடி கட்டியிருந்தது. வடிவேலு ஒரு நாற்காலியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். சிங்காரம் உறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வடிவேலு கோப்பிலிருந்து ஆங்கில மூலத்தை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் 'ஒன்பது மணிக்கு முன் செல்லக்கூடாது' என்று இருந்தது.

"தமிழ்ல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு," என்றார் வடிவேலு. அவர் குரலில் வருத்தம் இருந்தது. "விதி முப்பத்திரண்டுங்க. ரெண்டு படியும் மாறினா ஆங்கிலம்தான் செல்லும். சவாரி நடக்கையில நடந்துபோறவங்களையும் விடக்கூடாதுங்க. ஒம்போது மணிக்கு மேல தாராளமாப் போகலாம்."

"சார், பத்து மணிக்குப் பரிச்சை," என்றார் சிங்காரம்.

"ஒரு மணி நேரம் இருக்கே."

"ரெண்டு மணி நேரம் நடைங்க."

"அது கடிதத்தில் வராதுங்க."

தூளியிலிருந்து பூஜா கையை நீட்டி ஆங்கிலப் படியை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "அதான் போட்டிருக்குப்பா," என்றாள்.

சவாரி தொடங்கிவிட்டிருந்தது. நாலு நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஒரு மெல்லிய சக்கரம், ஒரு தடித்த சக்கரம் என்று மாறி மாறிக் கதவைத் தாண்டி இறங்கின. ஒவ்வொன்று போனதும் இரண்டு பேர் ஓடிப்போய் மணலில் பதிந்த தடத்தின் ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினார்கள். சிங்காரம் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் போய், இந்தப் பிள்ளையை மட்டும் பின்னால் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று கேட்டார். அவர்கள் நல்லவர்கள். மன்னிப்புக் கேட்டார்கள். கேரியர் இல்லை என்று ஒருவர் காட்டினார். எடை கூடினால் ஒப்பீடு கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். ஒருவர் தன் சத்துமிட்டாயைப் பூஜாவிடம் கொடுத்தார்.

ஏழு நாற்பதுக்கு வந்தது சிங்காரத்தின் வண்டி. முன்னால் ஒரு சாமந்தி மாலை. தடிச்சக்கர அணியின் இளைஞர் ஒருவர் ஓட்டினார். கேரியரில் ஒரு மூட்டை கட்டியிருந்தது. மூட்டையின் மேல் '38 கிலோ' என்று எழுதியிருந்தது. தடிச்சக்கர வண்டி ஒரு மாணவியைச் சுமந்தே மண்ணைக் கெடுக்காமல் இறங்கும் என்று நிரூபிப்பதற்காக ஓடை மணலை எடைபோட்டுக் கட்டியிருந்தார்கள்.

சிங்காரம் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கீதாஞ்சலி வந்தார்.

"மேடம், மூட்டைய எறக்கிட்டு எம் பொண்ண ஒக்கார வைங்க. அதே எடைதான் மேடம். முப்பத்தெட்டுதான். நீங்களே கேட்டீங்களே."

கீதாஞ்சலி கண் கலங்கியிருந்தார் என்று அங்கிருந்த இருவர் சொல்கிறார்கள்.

"புரியுதுங்க. ஆனா மணல் அசையாது, கடைசி வரைக்கும் ஒரே எடையா இருக்கும்," என்றார். "ஆள்னா மூச்சு விடுவாங்க. அளவு மாறிடும். அப்புறம் அந்தப் பக்கம் ஒத்துக்க மாட்டாங்க."

காவலர்கள் சிங்காரத்தின் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வண்டி இறங்கிப் போனது. மணல் மூட்டை குலுங்காமல் போனது. பூஜா பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் மறையும்வரை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடச் செய்யுளை வாய்க்குள் சொல்லத் தொடங்கினாள். வீரன் கழியின் தன் பக்கத்தைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. இறக்கினால் தூக்க நேரமாகும் என்றார்.

முத்தம்மா வடிவேலுவின் காலடியில் உட்கார்ந்தாள். அவர் பதறி எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது. வடிவேலு ஒன்பது மணி வரை நின்றுகொண்டிருந்தார்.

சரியாக ஒன்பதுக்குக் கதவு திறந்தது. வடிவேலுவே திறந்துவிட்டார். "பத்திரமாப் போங்க," என்றார்.

ஓடினார்கள். மணலில் ஓட முடியாது. முப்பது வண்டிகள் இறங்கியதில் மணல் மேலும் இளகிப்போயிருந்தது. இரண்டாம் கிலோமீட்டரில் வீரன் முழங்காலிட்டு விழுந்தார். கழியைக் கீழே படவிடாமல் பிடித்துக்கொண்டார். நாலாம் கிலோமீட்டரில் சிங்காரம் தூளியை அவிழ்த்துப் பூஜாவை முதுகில் ஏற்றிக்கொண்டார். அவள் அவர் காதருகே நேரம் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்துக்குப் பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

தேர்வு மையத்தின் கதவுக்கு அவர்கள் வந்தபோது பத்து ஐம்பத்தைந்து. பத்தரைக்கு மேல் வருபவர்களை அனுமதிக்க முடியாது. சலீமா டீச்சர் உள்ளே ஓடிப்போய்ப் பேசிவிட்டு வெளியே வந்தார். பூஜாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பள்ளிச் சுவருக்கு எதிரே, மர நிழலில், பேரவையின் முடிவுக்கோடு இருந்தது. சிங்காரத்தின் வண்டி அங்கே சாத்தியிருந்தது. அது எட்டு முப்பத்திரண்டுக்கே வந்துவிட்டது. மூட்டை கேரியரில் அப்படியே இருந்தது.

ஒப்பீட்டுச் சவாரியின் முடிவு அன்று மாலை அறிவிக்கப்பட்டது. தங்கள் தடமே ஆழம் குறைந்தது என்று மெல்லிய சக்கர அணியும் தடிச்சக்கர அணியும் தனித்தனியே அறிக்கை விட்டன. பிறகு தூளி தூக்கியவர்களின் கால்தடம் எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை மூன்று அணியும் ஒருமனதாகப் பதிவுசெய்தன.

மற்ற தேர்வுகளுக்குப் பூஜா சலீமா டீச்சர் வீட்டில் தங்கிப் போனாள். மார்ச் 25 அன்று தேர்வுகள் முடிந்தன. மார்ச் 27 அன்று பெங்களூரிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல் வந்தது. டயரின் அகலம் மூன்று புள்ளி ஏழு நான்கு அங்குலம். "இவ்வண்டியில் கொழுப்பு இல்லை" என்ற சான்றிதழோடு 29ஆம் தேதி வண்டி சிங்காரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை.

ஏப்ரலில் பலகை மாற்றப்பட்டது. இப்போது "தடிச்சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில், "கலைச்சொல் உதவி: செல்வி பூஜா, ஊமத்தங்கொல்லை."

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. பூஜா ஐந்து பாடங்களில் தேர்ச்சி. தமிழ்: வரவில்லை.